புறம்போக்குக்குப் போகும் வரிசை

கேப் டவுன், கிழக்குத் துறைமேடை. காலை ஆறரை.
தென்கிழக்குக் காற்று கொட்டகைத் தகரத்தை
உரித்துப் பார்க்கிறது.
உள்ளே வரிசையில் நிற்கிறோம்,
காலணிகளைக் கையில் பிடித்தபடி,
கோயில் வாசலில் நிற்பதுபோல.
பூசாரியிடம் இருப்பது மட்டும்
வாக்குவம் கிளீனர்.

"பைகளை வெளியே இழுத்துப் போடுங்கள்."
அவள் மார்பில் பெயர்ப்பட்டை: ர. படயாச்சி.

எனக்கு முன்னால் நார்வேக்காரர், பனியின் வயதை அளப்பவர்.
அவருக்கு முன்னால் இரண்டு பேர்.
அவர்கள் நாடுகளுக்கு நடுவே இப்போது பீரங்கி பேசுகிறது.
இங்கே இருவருக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் தட்டு.
ஒருவர் பையிலிருந்து விழுந்தது சூரியகாந்தி விதைத்தோல்.
மற்றவர் பையிலிருந்தும்
சூரியகாந்தி விதைத்தோல்.
இரண்டையும் அவள் ஒரே தட்டில் தட்டினாள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நான் ஜெனரேட்டர் மெக்கானிக்.
விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசல்.
ஒரு விதை என்ன செய்யும் என்று
எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டாம்.
வேலிக்கருவை குடித்துத் தீர்த்த கண்மாய்க்கரையில்
பம்புசெட் பழுது பார்த்தவன்.

நேற்று வகுப்பில் சொன்னார்கள்:
அந்தக் கண்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லை.
ஏழு நாடுகள் கோடு போட்டு உரிமை கேட்டனவாம்.
கேட்டது கேட்டபடியே உறைந்து கிடக்கட்டும் என்று
கையெழுத்துப் போட்டார்களாம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பட்டா இல்லாத நிலம் என்றால்
எங்கள் பக்கம் விடிவதற்குள் வேலி விழும்.
சித்தப்பா மாட்டுக்கொட்டகை கட்டியதே புறம்போக்கில்தான்,
அடுத்த வருடம் அதற்குக் கரண்டும் வாங்கினார்.
புறம்போக்கு என்று ஒருவனைச் சொன்னால்
அடிக்க வருவான்.
அறுபது வருடத்துக்கும் மேலாக
இத்தனை பெரிய புறம்போக்கில்
ஒரு சுரங்கம்கூட இல்லையாம்.

இதை நார்வேக்காரரிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"கடலில் ஒரு பங்கை மீன்களுக்கு விடலாம் என்று
வருடா வருடம் கேட்கிறோம்.
ஒரு கை உயராவிட்டால் போதும்,
தீர்மானம் மறுபடி பெட்டிக்குள்."
சொல்லிவிட்டுக் குனிந்து
காலணியின் அடிப்பள்ளங்களைப்
பல்குச்சியால் துருவ ஆரம்பித்தார்,
ஒவ்வொரு பள்ளமாக.

என் முறை.
கைமடிப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரித்து
விளக்கைத் தாழ்த்தி
இடுக்கியால் எடுத்தாள்.

"டெய்வெல்கி," என்றாள். "குட்டிச் சாத்தான்.
கிம்பர்லியில் இதற்குப் பயந்தே
செருப்பு போடப் பழகினேன்."
"நெருஞ்சி," என்றேன்.
"நெ, ருஞ், சி."
சொல்லிப் பார்த்தவளின் முகத்தில்
நாக்கில் தைத்ததுபோல ஒரு சுளிப்பு.

உறையில் எழுத வேண்டும்:
பெயர், தேதி, கிடைத்த இடம், நாடு.

நாடு?
நேற்று மாலை சிக்னல் மலைச் சரிவில் உட்கார்ந்திருந்தேன்.
போன மாதம் இதே சட்டையை
ஊரில் வேலிமேல் உலர்த்தினேன்.
முள் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
படயாச்சி என்ற பெயருக்கு அந்தக் கட்டத்தில்
என்ன எழுதுவதென்று
யாரோ எப்போதோ தயங்கியிருப்பார்கள்.

ஒரு கோடு இழுத்தாள். உறையை ஒட்டினாள்.
"அடுத்தவர்."

கால்சட்டைப் பைகள் ஆட்டுக்காதுகளாய்த் தொங்க
உள்ளே தள்ள மறந்து
கப்பல் படி ஏறினேன்.
மேல்தளத்தில் அந்த இருவர்,
ஒருவர் இடப்பக்கக் கம்பியில், ஒருவர் வலப்பக்கம்.
அவர்களும் மறந்திருந்தார்கள்.

கயிறு அவிழ்ந்தது.
கீழே கொட்டகை வாசலில் அவள்
வாக்குவத்தின் வயிற்றைத் திறந்து
எங்கள் எல்லோருடைய தூசியையும்
ஒரே பைக்குள்
கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.